வந்து… ஆக்சுவலி… பாத்தீங்கன்னா…

வாசகர் கேள்வி – பதில்

வாடிக்கையாளர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு ‘வந்து’ வந்துவிடுகிறது. வீட்டில் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிறார்கள். நிறுத்த முயன்றால் பேச்சே தடைப்படுகிறது. என்ன செய்யலாம்?
— வங்கி அதிகாரி, மதுரை

பேச்சு தடைப்படக் காரணம், அந்த ‘வந்து’ ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பதுதான். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். யார் செய்தது, எப்போது செய்தது, நடந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. பேசுகிறவர் எழுவாயைச் சொல்லிவிடுகிறார், வினை இன்னும் மனதில் திரளவில்லை. அந்த இடைவெளியில் வந்து உட்காருவதுதான் ‘வந்து’. “இந்த ஸ்கீம் வந்து…”, “உங்க அக்கவுண்ட் வந்து…” என்று பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் அது ஒட்டும். ‘இனி இதைப் பற்றிப் பேசப்போகிறேன்’ என்று கேட்பவருக்குக் காட்டவும் செய்யும். ஆகவே பத்து வாக்கியத்தில் இரண்டு மூன்று வந்தால் யாருக்கும் உறுத்தாது. ஒரே வாக்கியத்தில் மூன்று வரும்போதுதான் கேட்பவரின் காது செய்தியை விட்டுவிட்டு ‘வந்து’வை எண்ணத் தொடங்குகிறது.

முதலில் உங்கள் பேச்சைப் பத்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளரைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம். சக ஊழியர் ஒருவரை வாடிக்கையாளர் போலக் கேள்வி கேட்கச் சொன்னால் போதும். அதில் மூன்று நிமிடத்தை, ஒரு சொல் விடாமல், ‘அ…’, ‘இந்த…’ உட்பட அப்படியே எழுதுங்கள். இது சலிப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் யாருக்கும் தங்கள் பழக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. பிறகு ஒவ்வொரு ‘வந்து’வுக்கும் அடுத்து என்ன வந்தது என்று குறியுங்கள். எண்ணுக்கு முன்னால் அதிகம் வந்தால், வட்டி விகிதம் உங்கள் நினைவில் உறுதியாக இல்லை என்று பொருள். விகிதப் பட்டியலை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தாலே பாதி குறையும். எழுவாய்க்குப் பின்னால் அதிகம் வந்தால், வினையை முடிவு செய்யாமலே வாக்கியத்தைத் தொடங்குகிறீர்கள்.

இரண்டாவதுதான் பெரும்பாலோருக்கு இருக்கும் சிக்கல். அதற்குப் பயிற்சி, வினையை முதலில் தேர்வது. ‘கிடைக்கும்’, ‘குறையும்’, ‘முடியாது’ ஆகியவற்றில் எது என்று மனதில் முடிவான பிறகு வாயைத் திறங்கள். ஒரு செய்திக்கு ஒரு வினைமுற்று. “இந்த டெபாசிட் வந்து, நீங்க வந்து ஒரு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தீங்கன்னா வந்து, வட்டி வந்து கம்மியாத்தான் வரும்” என்பதை, “இந்த டெபாசிட்டை ஒரு வருஷத்துக்கு முன்னாடியும் எடுக்கலாம். ஆனா வட்டி குறையும்” என்று இரண்டாக உடைத்தால் ‘வந்து’ நுழைய இடமே இல்லை. எடுத்துட்டு, போட்டுட்டு, பாத்துட்டு என்று எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போகத் தமிழ் இடம் கொடுக்கிறது. நீண்டு போகும் வாக்கியங்களில்தான் ‘வந்து’ போன்ற ஒட்டுச்சொற்கள் பெருகும்.

யோசிக்க நேரம் வேண்டும் என்றால் வாயை மூடி மூக்கால் மூச்சை இழுங்கள். மூச்சை வெளியே விடும்போதுதான் நாம் பேசுகிறோம். உள்ளே இழுக்கும் அந்த நொடியில் ‘வந்து’ எழாது. அந்த மௌனம் பேசுகிறவருக்கு மட்டும் மிக நீளமாகத் தோன்றும். அதற்கும் காரணம் உண்டு. பத்து மொழிகளின் உரையாடலை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. அந்த வேகத்துக்குப் பழகிய நமக்கு ஒரு நொடி மௌனம் பெரிதாகப் படுகிறது. ‘இடையில் நிறுத்தினால் எதிரில் இருப்பவர் புகுந்துவிடுவாரே’ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. வினைமுற்றுக்குப் பிறகு நிறுத்தினால் அவர் பேசத் தொடங்குவார். “ஒரு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தீங்கன்னா…” என்று எச்சத்தில் நிறுத்தினால் முடிவுக்காகக் காத்திருப்பார். மௌனத்தை அங்கே வையுங்கள்.

பயிற்சி கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ‘வந்து’ போய் ‘அதாவது’ வந்துவிடும். ஆகவே இரண்டு வாரம் கழித்து மறுபடி பதிவு செய்யும்போது எல்லா ஒட்டுச்சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். மற்றொன்று, நாள் முழுக்கக் கவனமாக இருக்க முயல்வது. அது நடக்காது. காலையில் கவுண்டர் திறந்ததும் முதல் பத்து நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எண்ணுவது நல்லதுதான், ஆனால் பேசும்போதே எண்ணிக் காட்டக் கூடாது. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இதற்கென்றே ‘ஆ கவுண்டர்’ என்ற பொறுப்பு இருக்கிறது. பேசியவர்கள் எத்தனை முறை இழுத்தார்கள், எந்தச் சொல்லில் என்பதை அவர் குறித்துவைத்துப் பிறகு அறிக்கையாகச் சொல்வார். பிள்ளைகளும் அப்படியே செய்யட்டும்.

தொலைக்காட்சிச் செய்திகளில் ‘சென்னையில் இருக்கக்கூடிய’, ‘அமைச்சராக இருக்கக்கூடிய’, ‘நடைபெற்றுக்கொண்டிருக்கக்கூடிய’ என்று எல்லாவற்றிலும் ‘கூடிய’ சேர்க்கிறார்களே, இது வெறும் பழக்கமா, பிழையா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருச்சி

பிழை. இந்தப் பக்கத்துக்கு வரும் ஒட்டுச்சொற்களில் உண்மையாகவே தீங்கு செய்வது இதுதான்.

‘கூடு’ துணைவினையாக வரும்போது இயல்வதையோ நிகழ வாய்ப்பிருப்பதையோ சொல்லும். ‘மழை பெய்யக்கூடும்’ என்றால் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ‘வெடிக்கக்கூடிய பொருள்’ என்றால் இன்னும் வெடிக்கவில்லை. அப்படியிருக்க, “விபத்தில் உயிரிழந்திருக்கக்கூடிய மூன்று பேர்” என்று சொன்னால் அவர்கள் இறந்துவிட்டார்களா, இறந்திருக்கலாம் என்ற ஐயமா? வீட்டில் இருந்து பார்க்கும் உறவினர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? “கைது செய்யப்பட்டிருக்கக்கூடிய நபர்” என்பதும் இப்படித்தான். புயல் நாளில் இது இன்னும் மோசம். ‘பாதிக்கப்படக்கூடிய பகுதிகள்’ என்பது எச்சரிக்கை, ‘பாதிக்கப்பட்ட பகுதிகள்’ என்பது நடந்ததைச் சொல்லும் செய்தி. இரண்டுக்கும் ஒரே ‘கூடிய’வைப் போட்டால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவருக்கு எந்த ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று புரியாது.

ஏன் பரவியது என்பதும் தெரிந்ததுதான். நேரலையில் எழுதிவைத்த வரி இருக்காது. ‘நடந்த’, ‘நடக்கிற’, ‘நடக்கும்’ என்று பெயரெச்சத்தைச் சொல்ல உடனே காலத்தைத் தேர்ந்தாக வேண்டும். ‘நடக்கக்கூடிய’ என்றால் காலம் பற்றி முடிவெடுக்கத் தேவையில்லை, எல்லா இடத்துக்கும் பொருந்துவதுபோல இருக்கும். யோசிக்க அரை நொடியும் கிடைக்கும். கேட்க மேடைத்தமிழ் போலவும் இருக்கிறது. மூன்று வசதியும் சேர்ந்ததால் அது செய்தி அறையில் தொடங்கிக் கல்லூரி, கருத்தரங்கு, நிறுவன விளக்கக் கூட்டம் வரை போய்விட்டது.

செய்தியாளர்களும் உதவி ஆசிரியர்களும் செய்ய வேண்டிய சோதனை எளிது. ‘கூடிய’ வரும் இடத்தில் ‘-லாம்’ போட்டுப் பாருங்கள். ‘பாதிக்கப்படலாம்’ என்பது சரியாக வந்தால் ‘பாதிக்கப்படக்கூடிய’ இருக்கட்டும். ‘அவர் அமைச்சராக இருக்கலாம்’ என்பது நீங்கள் சொல்ல வந்தது இல்லை என்றால் ‘கூடிய’ போக வேண்டும். பெரும்பாலும் அதன் இடத்தில் ‘உள்ள’ போதும்: ‘மதுரையில் உள்ள மருத்துவமனை’. பல இடங்களில் அதுவும் தேவையில்லை; ‘சென்னையில் இருக்கக்கூடிய எழும்பூர் பகுதியில்’ என்பது ‘சென்னை எழும்பூரில்’தான். ‘அமைச்சராக இருக்கக்கூடிய’ என்பதற்கு ‘அமைச்சர்’ என்ற பதவிப்பெயரே போதும். ‘நடைபெற்றுக்கொண்டிருக்கக்கூடிய’ என்ற 16 எழுத்தின் வேலையை ‘நடக்கும்’ என்ற 5 எழுத்து செய்துவிடும். நேரலைக்குப் போகும் செய்தியாளர், சொல்லப்போகும் மூன்று செய்திகளின் வினைமுற்றுகளை மட்டும் உள்ளங்கையளவுத் தாளில் எழுதிக்கொண்டால் (‘கவிழ்ந்தது’, ‘மீட்டனர்’, ‘விசாரிக்கிறார்கள்’) காலம் முன்கூட்டியே முடிவாகிவிடும்.

‘என்று சொல்லப்படுகின்ற’, ‘பார்க்கப்படுகிறது’ ஆகியவையும் இதே குடும்பம். யார் சொல்வது, யார் பார்ப்பது என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்தச் சொற்களை எடுத்துவிடுங்கள். ‘அந்த வகையில்’ என்று ஒவ்வொரு செய்தியையும் தொடங்குவது பொருளைக் கெடுப்பதில்லை. முந்தைய செய்தியோடு தொடர்பே இல்லாத இடத்திலும் தொடர்பு இருப்பதாகக் காட்டுவதால் உறுத்துகிறது.

நம் இலக்கணமே அசைச்சொற்களை ஏற்றுக்கொண்டிருக்கும்போது பேச்சில் வருவதை மட்டும் குறை சொல்வது சரியா?
— தமிழாசிரியர், கும்பகோணம்

நல்ல கேள்வி. யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது என்ற ஏழையும் தொல்காப்பிய இடையியல் அசைநிலை, அதாவது தனிப்பொருள் இல்லாமல் வரும் சொல், என்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் எழுதிய நன்னூல் அந்தப் பட்டியலை நீட்டி ‘போலும்’, ‘ஆம்’, ‘தான்’ வரை சேர்க்கிறது. அதைவிட நம் பேச்சுக்கு நெருக்கமானது தொல்காப்பியம் தனியே சொல்லும் முன்னிலை அசைகள்: மியா, இக, மோ, மதி, இகும், சின். ‘கேண்மதி’ என்பதில் உள்ள ‘மதி’ எதிரில் கேட்பவரைத் தொட்டு நிற்கிறது. இன்றைய ‘பாத்தீங்கன்னா’வும் ‘தெரியுங்களா’வும் செய்வது ஏறக்குறைய அதே வேலை. ஆகவே பொருளில்லாத சொல் என்பதற்காக எதையும் விலக்க வேண்டியதில்லை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம்.

வேறுபாடு அளவிலும் இடத்திலும் இருக்கிறது. செய்யுளில் அசைச்சொல் ஓசைக்கு வேண்டிய இடத்தில் ஒரு முறை வந்து போகும். பேச்சில் அது நேரத்தை நிரப்ப வருகிறது, நேரம் எத்தனை முறை தேவைப்படுகிறதோ அத்தனை முறை வருகிறது. அசைமொழிக்கு இடம் கொடுத்த அதே பவணந்தியார், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் வெற்றெனத் தொடுத்தலையும் வைத்திருக்கிறார்.

வகுப்பில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை “ஓகே? புரியுதா? ரைட்?” என்று கேட்கிறேன். மாணவர்கள் ‘யெஸ் மேடம்’ என்கிறார்கள். தேர்வுத்தாளைப் பார்த்தால் புரியவில்லை என்று தெரிகிறது.
— பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்

‘புரியுதா?’ என்பதற்கு வகுப்பில் ‘இல்லை’ என்று சொல்லத் துணிவு வேண்டும். அத்தனை பேர் நடுவில் தனக்கு மட்டும் புரியவில்லை என்று காட்டிக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது பதில் அல்ல, மேலே போகலாம் என்ற அனுமதி மட்டும்தான்.

‘ம்’ என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக மாற்றுங்கள். ஓம் விதி நடத்தினால், “வோல்டேஜ் மாறாம ரெசிஸ்டன்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா கரன்ட் என்ன ஆகும்?” பாதியாகும் என்று வந்தால் புரிந்திருக்கிறது. கேட்ட பிறகு மனதுக்குள் மூன்று எண்ணும் வரை நீங்கள் பேசக் கூடாது. இதுதான் கடினம். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். 45 நிமிட வகுப்புக்கு இப்படிப்பட்ட மூன்று கேள்வியைப் பாடக்குறிப்பிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் நின்று யோசித்தால் ‘ஓகே?’தான் வரும்.

ஒரு பகுதி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது வரும் ‘ஓகே’ வேறு. அதற்குப் பதிலாக அடுத்த தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும்.

‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ இல்லாமல் என்னால் அலுவலகத்தில் பேச முடியவில்லை. ‘உண்மையில்’, ‘அடிப்படையில்’ என்று மாற்றிக்கொள்ளலாமா?
— மென்பொருள் பொறியாளர், கோவை

மாற்றினால் ஒட்டுச்சொல்லின் மொழிதான் மாறும். ‘ஆக்சுவலி’ எதிரில் இருப்பவர் நினைத்ததைத் திருத்தும் சொல். ஒவ்வொரு பதிலையும் அதில் தொடங்கினால், ‘நீங்கள் தவறாக நினைத்திருக்கிறீர்கள்’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னதுபோல வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கேட்கும். கேள்வியில் உள்ள பெயர்ச்சொல்லை எடுத்துப் பதிலைத் தொடங்கிப் பழகுங்கள். “ரிலீஸ் எப்போ?” என்றால் “ரிலீஸ் வெள்ளிக்கிழமை. ஒரு டெஸ்டிங் பாக்கி இருக்கு.” யோசிக்கத் தேவையான நேரம் அந்த ‘ரிலீஸ்’ என்ற சொல்லிலேயே கிடைத்துவிடும்.

நேர்முகத் தேர்வில் ‘அ…’, ‘ம்…’ என்று இழுத்தால் மதிப்பெண் போய்விடுமா?
— போட்டித் தேர்வு எழுதுபவர், தர்மபுரி

கேள்விக்கு ஒன்றிரண்டு வந்தால் பயப்பட வேண்டாம். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு, ‘அ’ போன்ற ஒலி குறுகிய தாமதத்துக்கும் ‘அம்’ போன்றது நீண்ட தாமதத்துக்கும் முன்னறிவிப்பாக வருகிறது என்று வாதிட்டது. அதாவது, ‘பதில் வருகிறது, பொறுங்கள்’ என்று கேட்பவருக்குச் சொல்லும் ஒலிகள் அவை. உங்களைக் கெடுப்பது வேறு: பதில் தெரியாதபோது ‘அது வந்து சார், ஜெனரலா பாத்தீங்கன்னா…’ என்று அரை நிமிடம் ஓட்டுவது. தெரியாததைத் “தெரியவில்லை, ஐயா” என்று இரண்டு நொடியில் முடித்துவிடுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் ஐந்து நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் முன்னுரையிலேயே போய்விடுகிறது.
— தலைமையாசிரியை, விழுப்புரம்

பெயர் விளிகளில்தான் போகிறது. பட்டம், பதவியோடு ‘அவர்களே’ என்று முடிக்க ஒருவருக்கு ஐந்து நொடி. 12 பேருக்கு ஒரு நிமிடம். அதையே அன்று பேசும் ஆறு பேரும் செய்தால் ஆறு நிமிடம். பெயரை விட்டால் மனவருத்தம் வரும் என்பதும் உண்மை. ஆகவே வரவேற்புரை சொல்பவர் மட்டும் எல்லாப் பெயரையும் சொல்வது, மற்றவர்கள் தலைமை விருந்தினர் பெயரை மட்டும் சொல்லித் தொடங்குவது என்று விழாவுக்கு முந்தைய நாளே பேசி வைத்து, அதை வரவேற்புரையில் ஒரு வரியாக அறிவித்துவிடுங்கள்.

பிறகு ‘எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்’, ‘நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை’, ‘சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்’ ஆகிய மூன்றையும் எடுத்துவிடுங்கள். கடைசியில் மணி அடிக்கும்போது ‘நேரமின்மை காரணமாக’ என்று வருத்தப்பட வேண்டியிருக்காது.

என் மேலாளர் ‘நான் என்ன சொல்ல வர்றேன்னா’ என்று ஒரு கூட்டத்தில் 40 முறை சொல்கிறார். எப்படிச் சொல்வது?
— திருப்பூர் வாசகர்

அவர் கேட்காமல் சொல்லாதீர்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முன்பே எழுதி அவர் கையில் கொடுங்கள். சொல்ல வருவது தாளில் இருந்தால் அந்தச் சொல்லின் தேவை குறையும்.

ஒன்பது வயது மகன் ஒவ்வொரு பேச்சையும் ‘வந்து வந்து வந்து’ என்றே தொடங்குகிறான். மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். கண்டித்து நிறுத்தலாமா?
— நாகர்கோவில் வாசகி

கண்டிக்க வேண்டாம். முதலில் கவனியுங்கள். முதல் எழுத்து திரும்பத் திரும்ப வருகிறதா (‘ப-ப-பள்ளி’)? ஓர் ஒலியில் நீண்டு நிற்கிறானா? அந்த நேரத்தில் கண்ணை இறுக்குவது, உதடு நடுங்குவது உண்டா? சொல்ல வந்த சொல்லை விட்டு வேறு சொல்லுக்கு மாறுகிறானா? இவற்றில் ஏதாவது இருந்தால் திக்குவாயாக இருக்கலாம். அப்போது ‘வந்து’ என்பது கடினமான சொல்லுக்கு முன் அவன் எடுக்கும் ஓட்டம். அதைப் பறித்தால் சொல்லே நின்றுவிடும், பேசவே தயங்குவான்.

பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். பெரிய மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். வீட்டில் அவன் இயல்பாகப் பேசுவதை ஐந்து நிமிடம் பதிவு செய்து எடுத்துப் போனால் உதவும், ஏனென்றால் புது இடத்தில் அவன் பேச்சு மாறிவிடலாம். அதுவரை ‘மெதுவாப் பேசு’, ‘மூச்சு விட்டுட்டுப் பேசு’ என்று சொல்லாதீர்கள், அவன் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். அவன் முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். நீங்கள் பேசும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது நல்லது. கிண்டலை நிறுத்த வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், அவன் முன்னால் வேண்டாம்.

நான் கேட்கும்போது ‘ம்… ம்… சரி… ஓகே ஓகே’ என்று இடைவிடாமல் சொல்கிறேனாம். இதையும் விட வேண்டுமா?
— சிங்கப்பூர் வாசகர்

நேரிலும் தொலைபேசியிலும் விட வேண்டாம். நம்மிடையே கதை கேட்பவர் ‘உம்’ கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். தொலைபேசியில் நீங்கள் மௌனமாக இருந்தால் ‘ஹலோ, இருக்கீங்களா?’ என்ற கேள்விதான் வரும். வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு ‘ம்’ சொன்னால் போதும், நடுவில் வேண்டாம்.

காணொளிக் கூட்டத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒலி சற்றுத் தாமதமாகப் போவதால் உங்கள் ‘ஓகே’ அவருடைய அடுத்த வாக்கியத்தின்மேல் விழும். பல செயலிகளில் யார் குரல் கேட்கிறதோ அவர் படம் பெரிதாவதால், பேசுபவரை மறைத்து உங்கள் முகமும் வந்து நிற்கும். மைக்கை அணைத்துவிட்டுத் தலையை அசையுங்கள்.